அரை ஆள்

ஐந்து சாலைகள் வந்து முட்டிக்கொள்ளும் அந்தச் சந்திப்பில் நடந்து சாலையைக் கடப்பவர்கள் யாரும் இல்லை. ஆகவே அங்கே வெள்ளைக்கோடோ விளக்கோ தேவையில்லை என்று சந்திப்புப் பாதுகாப்பு வாரியம் மூன்று தடவை ஆய்வு செய்து, மூன்று தடவையும் ஒரே முடிவுக்கு வந்திருந்தது. நான்காவது ஆய்வின் ஏழாம் நாள் காலையில்தான் குழாய்க்காரர் அங்கே வந்து மாட்டிக்கொண்டார்.

குழாய்க்காரர் வம்பு தும்புக்குப் போகாதவர். முப்பது வருஷமாக வீடு வீடாகப் போய் ஒழுகலையும் அடைப்பையும் சரிசெய்து பிழைப்பவர். எந்த வீட்டில் கை வைத்தாலும், "கடவுளே, இந்த வீட்டுல தண்ணி நிம்மதியா ஓடணும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் ஸ்பேனரை எடுப்பார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. அவர் மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. அதை எடுக்க அன்று காலை ஆபரேஷன். முந்தின நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. துணிமணி, செம்பு, சீப்பு என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்த அவசரத்தில், ஸ்கேன் படங்கள் உள்ள பழுப்புக் கவர் மட்டும் வீட்டு அலமாரியின் தலையிலேயே தங்கிவிட்டது. பத்தரைக்குள் அந்தக் கவரும் புருஷன் கையெழுத்தும் வராவிட்டால், அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துத்தான் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். கட்டியோ வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டிருந்தது. ஆறு வாரம் பொறு என்று அதனிடம் யார் போய்ச் சொல்வது?

வீட்டுக்குப் போய்க் கவரை எடுத்துக்கொண்டு அவர் பேருந்தை விட்டு இறங்கியபோது மணி ஒன்பதே முக்கால். கண்ணுக்கு எதிரே எட்டு மாடி ஆஸ்பத்திரி. இடையில் ஆறு வரிசை வண்டிகள். அந்தப் பக்கம் போக வேண்டிய ஊர்க்காரர்கள் மறுபடி பேருந்தில் ஏறி, ஏழு நிறுத்தம் சுற்றி, ஒரு பாலம் ஏறி இறங்கி, ஒரு மணி நேரம் கழித்துப் போய்ச் சேருவார்கள். எதிர்ப்பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் வெளியூரில் கொடுத்ததாகவே மனசைத் தேற்றிக்கொள்வார்கள். குழாய்க்காரருக்கு ஒரு மணி நேரம் இல்லை. அந்தச் சமயம் பார்த்து ஒரு குப்பை லாரி குறுக்கே நின்று பின்னால் திரும்பத் தொடங்கியது. மூன்று வரிசையும் ஒரு கணம் நின்றன. கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, லாரியின் முதுகோடு முதுகாக ஓடி, சாலை நடுவிலிருந்த திட்டில் ஏறிவிட்டார். ஏறித் திரும்பிப் பார்ப்பதற்குள் லாரி போய்விட்டது. முன்னால் மூன்று வரிசை, பின்னால் மூன்று வரிசை. இரண்டிலும் வண்டிகள் நூல் கோத்த மாதிரி விடாமல் போய்க்கொண்டிருந்தன.

திட்டு நாலடி அகலம், இருபதடி நீளம். அதில் ஒரு மடக்கு நாற்காலி. அதன் முதுகில் 'சந்திப்புப் பாதுகாப்பு வாரியம்' என்று மஞ்சள் எழுத்து. நாற்காலியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மடியில் பதிவேடும் கையில் எண்ணும் கருவியுமாக உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் படக்கென்று எழுந்தாள்.

"நில்லுங்கண்ணே. நீங்க கடந்துட்டீங்களா, கடக்கலையா?"

"பாதி கடந்திருக்கேன்மா."

"பாதிக்கு இதுல கட்டம் இல்லையே," என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். இரண்டே கட்டங்கள்: கடந்தவர், கடக்காதவர். ஆறு நாட்களுக்கும் இரண்டு கட்டத்திலும் அழகழகாகச் சுழியம் போட்டிருந்தாள். தினமும் காலையில் வாரியத்து ஜீப் அவளைத் திட்டில் இறக்கிவிடும். சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்ளும். நடுவில் எங்கேயும் ஒதுங்க முடியாது என்பதால் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிவிட்டாள். ஆறு நாளாக ஒரு மனுஷ முகத்தைக்கூடக் கிட்டத்தில் பார்க்கவில்லை என்றும், அவர் வந்தது சந்தோஷம்தான் என்றும், ஆனால் அவரை எங்கே எழுதுவதென்றுதான் புரியவில்லை என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். பிறகு மேலிடத்துக்குப் போன் போட்டாள்.

பத்தே நிமிஷத்தில் ஆய்வு அலுவலர் ஜீப்பில் வந்து திட்டில் குதித்தார். காணாமல் போன பிள்ளையைக் கண்டுபிடித்தவர்போல முகமெல்லாம் மலர்ச்சி. நான்கு ஆய்வு நடத்தியும் தான் ஒரு பாதசாரியை நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை என்றார். குழாய்க்காரரைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு டேப்பை எடுத்து அவருடைய காலடி நீளத்தை அளந்தார். மனைவி, கட்டி, பத்தரை மணி என்று குழாய்க்காரர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, 'கடப்பதன் நோக்கம்: சொந்த விஷயம்' என்று படிவத்தில் எழுதினார். கடக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது முதல் இருக்கிறது, இதற்கு முன் கடந்த பழக்கம் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்றெல்லாம் வரிசையாக விசாரித்தார்.

"சார், உங்க ஜீப்புல என்னை அந்தப் பக்கம் விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஜீப்புல ஏறினா நீங்க பாதசாரி இல்ல, பயணி. ஆய்வு கெட்டுடும்."

குழாய்க்காரருக்கு எல்லாமே குழாயாகத்தான் தெரியும். தனக்குத் தெரிந்த வழியில் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "ஒரு வால்வு வெச்சாப் போதும் சார். அரை நிமிஷம் வண்டியை அடைச்சா ஆள் போயிடலாம். அப்புறம் திறந்து விட்டுடுங்க."

"அதுக்குப் பேரு விளக்கு. ஒரு மணி நேரத்துல நாற்பது பேர் கடந்தாத்தான் விளக்கு. இங்க யாரு கடக்கறாங்க?"

"விளக்கு இருந்தாக் கடப்பாங்க சார்."

"கடந்தா விளக்கு வரும்."

"கடந்தா வண்டி அடிச்சுடும் சார்."

அலுவலரின் குரல் தணிந்தது. "அதுக்கும் விதியில இடம் இருக்கு. ஒரு வருஷத்துல அஞ்சு பேர் அடிபட்டா நாற்பது பேர் கணக்கே வேண்டாம், நேரா விளக்குதான். ஆனா என்ன பண்றது, மக்கள் ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க." இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

பிறகு நீண்ட நேரம் யோசித்து, குழாய்க்காரரை அரை ஆள் என்று எழுதச் சொல்லி எண்ணுகிறவளுக்கு உத்தரவிட்டார். சாயங்காலத்துக்குள் இன்னொரு அரை ஆள் வந்து சேர்ந்தால் இரண்டையும் கூட்டி ஒன்றாக்கிவிடலாம், கவலை வேண்டாம் என்றார். போகும்போது குழாய்க்காரருக்கு மினுமினுக்கும் மஞ்சள் சட்டை ஒன்றை மாட்டிவிட்டார். அன்று பாதுகாப்பு வாரத்தின் நிறைவு நாள், வாரியத் தலைவர் இன்னும் சற்று நேரத்தில் இதே திட்டுக்கு வரப்போகிறார், அதுவரை பாதசாரி இடத்தை விட்டு அசையக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அசைய முடிந்தால் அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று கேட்க யாரும் இல்லை.

மணி பத்து ஐந்து. குழாய்க்காரர் இரண்டு தடவை சாலையில் காலை வைத்துப் பார்த்தார். இரண்டு தடவையும் வண்டி உரசிய காற்று அவர் வேட்டியைத் திருகிக்கொண்டு போயிற்று. வந்த வழியே திரும்பலாம் என்றால் அங்கேயும் அதே கதை. அவருடைய கைப்பேசி மனைவியிடம் இருந்தது. எண்ணுகிறவள் கேட்காமலேயே தன் கைப்பேசியை நீட்டினாள்.

"எங்கே இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"எதிர்லதான் இருக்கேன். ரோட்டு நடுவுல. மூணாவது மாடி ஜன்னலுக்கு வா, தெரியும்."

ஜன்னலில் பச்சை அங்கியோடு ஒரு உருவம் வந்து நின்றது. குழாய்க்காரர் கவரைத் தூக்கிக் காட்டினார்.

"மஞ்சச் சட்டையில நிக்கிறது நீங்களா? ஏதோ கம்பத்துக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்கன்னு நினைச்சேன்." சிரிக்கத்தான் நினைத்தாள். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. "இங்க எல்லாத்தையும் கழட்டி வாங்கிட்டாங்க. பக்கத்துக் கட்டில்காரிக்கு அவ வீட்டுக்காரர் தலையைத் தடவிக்கொடுத்து அனுப்பினாரு. எனக்குப் பயமா இருக்குங்க. உங்க முகத்தைப் பார்க்காம நான் உள்ளே போக மாட்டேன். அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

"வந்துடறேன்," என்றார். எப்படி என்று அவள் கேட்கவில்லை.

கைப்பேசியைத் திருப்பி வாங்கிக்கொண்ட எண்ணுகிறவள் ஆஸ்பத்திரி ஜன்னலையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் விசில்கள் ஊதின.

பிறகு நடந்ததைக் குழாய்க்காரர் வாழ்நாளில் மறக்கமாட்டார். பத்து மோட்டார் சைக்கிள்கள் வந்து ஐந்து சாலைகளையும் அடைத்தன. ஆறு வரிசை வண்டிகளும் அடைப்பு விழுந்த குழாயில் தண்ணீர் நிற்பதுபோல அப்படியே நின்றன. ஆஸ்பத்திரி வாசல் வரை சாலை பளிச்சென்று காலியாகக் கிடந்தது. ஒரு சிறு பிள்ளைகூடத் தவழ்ந்து போய்விடலாம். "கடவுளே, கண் திறந்துட்டே," என்று குழாய்க்காரர் ஓர் அடி எடுத்து வைத்தார். இரண்டு பேர் பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்தார்கள்.

"எங்கே போறீங்க? வண்டியை நிறுத்தினது தலைவருக்காக. உங்களுக்காக இல்ல," என்றார் ஆய்வு அலுவலர். கார்களோடு அவரும் திரும்பி வந்திருந்தார்.

"ரோடுதான் காலியா இருக்கே சார்?"

"காலியா இருக்கும்போது கடந்தா அது ஆபத்தான சந்திப்பைக் கடந்ததா ஆகாது. இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டியை விட்டுடுவாங்க. அப்புறம் தாராளமாக் கடங்க."

தலைவர் காரிலிருந்து இறங்கித் திட்டில் ஏறினார். கனிவான முகம், கேட்பவர் தோளில் கைபோட்டுப் பேசுகிற சுபாவம். ஒலிபெருக்கியைப் பிடித்து, இந்தச் சந்திப்பில் கடந்த ஆண்டு ஒரு பாதசாரிகூட உயிரிழக்கவில்லை என்று அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் அதன் ரகசியத்தையும் சொன்னார்.

"காரணம் என்ன? ஒரு பாதசாரிகூட வரவில்லை. பயத்தை விடப் பெரிய பாதுகாப்பு உலகத்தில் கிடையாது. அந்தப் பயத்தை மக்கள் மனதில் உருவாக்கப் பத்து ஆண்டுகள் உழைத்திருக்கிறோம். ஒரு வெள்ளைக்கோட்டைப் போட்டு அந்த உழைப்பை ஒரே நாளில் பாழாக்கலாமா? அடுத்த ஆண்டு நம் இலக்கு, வீட்டை விட்டே யாரும் இறங்காத நகரம்."

அதற்கும் கைதட்டினார்கள். குழாய்க்காரரின் கையில் 'சிறந்த பாதசாரி' என்று அச்சிட்ட சான்றிதழ் கொடுக்கப்பட்டது. பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. அதை அப்புறமாக வீட்டில் நிரப்பிக்கொள்ளலாம் என்றார்கள். போட்டோவுக்கு நிற்கும்போது குழாய்க்காரர் தலைவரின் காதருகே குனிந்து மனைவியின் விஷயத்தைச் சொன்னார். தலைவர் கண்கலங்கினார். அதுவும் நடிப்பில்லை.

"மனைவியிடம் அவசரமாகப் போகிறவனை விட மனைவியிடம் முழுசாகப் போகிறவன் மேல்," என்று அவர் தோளைத் தட்டினார். "பொறுமையா இருங்க. உங்களுக்காகத்தான் நாங்க இருக்கோம்."

பிறகு அவர்கள் இல்லை. கார்கள் போயின, விசில்கள் ஓய்ந்தன, எட்டு நிமிஷம் அடைபட்டுக் கிடந்த வண்டிகளெல்லாம் ஒரே மூச்சில் பாய்ந்தன. திட்டே அதிர்ந்தது. மணி பத்து இருபது.

குழாய்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கவரையும் சான்றிதழையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். முப்பது வருஷத்தில் தனக்காக எதையும் கேட்டுப் பிரார்த்தித்தவர் இல்லை. அன்று என்ன கேட்பது என்றுகூடத் தோன்றவில்லை. மூணாவது மாடியில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"எழுந்திரிங்கண்ணே," என்றது ஒரு குரல்.

எண்ணுகிறவள் பதிவேட்டை மூடி இடுப்பில் செருகியிருந்தாள். அவர் எழுந்ததும் நாற்காலியை மடக்கினாள்.

"இடத்தை விட்டு நகர்ந்தா என் வேலை போயிடும்னு சொல்லியிருக்காங்க. போகட்டும். ஆறு நாளா இங்க உட்கார்ந்து ஒண்ணுமில்லாததை எண்ணிட்டிருக்கேன். எங்கம்மா கேட்டா, ஜனங்களைக் காப்பாத்துற வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னிக்கு ஒருத்தரையாவது கொண்டுபோய் விட்டாத்தான் அது பொய்யாகாது."

வாரியத்தின் பெயர் வெளியே தெரியும்படி நாற்காலியை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினாள். குழாய்க்காரரும் அவள் பின்னால் இறங்கினார். முதல் வரிசையில் வந்த வேன் கிறீச்சிட்டு நின்றது. மனுஷிக்காக நிற்கவில்லை, நாற்காலியைப் பார்த்து இன்னொரு தலைவர் வருகிறார் என்று ஓட்டுநர் நினைத்துவிட்டார். அதைப் பார்த்து அடுத்த வண்டியும், அதைப் பார்த்து அடுத்ததும் நின்றன. மூன்றாவது வரிசையில் ஒரு கார்க்காரர் மரியாதையாகப் பாட்டை அணைத்தார். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அப்படியே நடந்து எதிர்க்கரையில் ஏறிவிட்டார்கள்.

குழாய்க்காரர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார். மூன்று மாடி ஏறி மூச்சு இரைக்க நின்றபோது மணி பத்து இருபத்தேழு. மஞ்சள் சட்டையோடு நின்ற புருஷனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொண்டாள் மனைவி. அவர் கவரை நர்ஸிடம் கொடுத்து, காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கையெழுத்துப் போட்ட பிறகும் நர்ஸ் நகரவில்லை.

"எல்லாம் சரிங்கய்யா. ஆனா டாக்டர் இன்னும் வரலை."

ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்தும் இடத்தைப் பாதுகாப்பு வாரக் கண்காட்சிக்காக வாரியம் எடுத்துக்கொண்டிருந்தது. டாக்டர்கள் எதிர்ப்பக்க மைதானத்தில் காரை விட்டுவிட்டு நடந்து வரலாம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. வந்த டாக்டர் பத்து நிமிஷமாகப் பேருந்து நிறுத்தத்திலேயே நிற்கிறார். போன் பண்ணிப் பார்த்துவிட்டார்கள். ஒரு காலை எடுத்து வைக்க முடியவில்லை என்கிறாராம். காரில் சுற்றி வந்தால் பதினொன்றரையாகிவிடும். பதினொன்றுக்கு ஆபரேஷன் தியேட்டரை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

குழாய்க்காரர் மனைவியைப் பார்த்தார். வந்து சேர்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜன்னல் வழியே கீழே பாய்ந்துகொண்டிருந்த வண்டிகளைப் பார்த்தார்.

"அந்த டாக்டருக்கு யாரும் இல்லைங்க போல," என்றாள் மனைவி மெதுவாக. "உங்களுக்கு அந்தப் பொண்ணு இருந்தா. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. நான் எங்கேயும் போயிட மாட்டேன்."

அவர் கீழே இறங்கி வந்தபோது எண்ணுகிறவள் விட்ட இடத்திலேயே நின்றிருந்தாள். வந்தது வந்துவிட்டாள், தனியாகத் திட்டுக்குத் திரும்பத் தைரியம் வரவில்லை. விஷயத்தைச் சொன்னார். அவள் நாற்காலியை நிமிர்த்திப் பிடித்தாள். குழாய்க்காரர் அதை அவள் கையிலிருந்து வாங்கி, மடித்தபடியே அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இது வேண்டாம் தங்கச்சி. இன்னொரு தடவை யாரையும் ஏமாத்தி நிறுத்த வேண்டாம். கேட்டுப் பார்ப்போம்."

வலது கையைத் தூக்கிக்கொண்டு சாலையில் ஓர் அடி வைத்தார். தண்ணீர் லாரி ஒன்று அவருக்கு ஒரு கஜம் முன்னால் வந்து குலுங்கி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"யாருண்ணே வர்றது? மறுபடியும் தலைவரா?"

"யாரும் வரலைப்பா. நாங்கதான் அந்தப் பக்கம் போகணும். என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன். டாக்டர் அங்க நிக்கிறாரு."

ஓட்டுநர் அவரையும் அவளையும் ஒருதரம் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, பக்கத்து வரிசைகளுக்குக் குறுக்கே போய்க் கையை விரித்து நின்றார். "சொன்னா நிக்க மாட்டோமா? யாரு கேக்கறா எங்ககிட்ட?" என்று சலித்துக்கொண்டார். "போய்க் கூட்டிட்டு வாங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

திட்டுக்கு அந்தப் பக்க மூன்று வரிசையிலும் அப்படியே கேட்டார்கள். ஒருவர் திட்டினார், திட்டிக்கொண்டே நின்றார். எண்ணுகிறவள் அங்கேயே சாலை நடுவில் நின்றுகொண்டு, வண்டிக்காரர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில், தோளில் பையோடு நின்றிருந்த நரைத்த மனிதர்தான் டாக்டர் என்று சொல்லாமலே தெரிந்தது. வாழ்நாளில் எத்தனையோ பேரைத் திறந்து மூடியவர், நடைபாதையின் விளிம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்க்காரர் தன்னை யார் என்று சொன்னார்.

"மன்னிச்சிடுங்க," என்றார் டாக்டர். "நாலு தடவை இறங்கிப் பார்த்துட்டேன். கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. இந்தக் கையோட அங்க வந்து நான் என்ன பண்றது?"

நீட்டிய விரல்கள் உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. இன்னும் சற்று நேரத்தில் அவள் கழுத்துக்குள் போகப்போகிற விரல்கள். குழாய்க்காரர் அந்தக் கையை, கண்ணாடிச் சாமானை எடுப்பதுபோல எடுத்து, காய்ப்பேறிய தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

"நீங்க வண்டியைப் பார்க்க வேணாம் டாக்டர். ஓட்டறவங்க முகத்தைப் பாருங்க. நம்மள மாதிரிதான் இருப்பாங்க."

இருவரும் இறங்கினார்கள். ஒரு வரிசை. இரண்டாவது வரிசை. எண்ணுகிறவள் நகர்ந்து வழிவிட்டாள். திட்டைத் தாண்டி, தண்ணீர் லாரிக்கு முன்னால் வரும்போது அதன் ஓட்டுநர் ஏதோ பெரிய மனுஷருக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்று, "மெதுவாவே போங்க, அவசரமில்ல," என்றார். ஆறாவது வரிசையில் கால் வைத்தபோது குழாய்க்காரர் தன் உள்ளங்கையைக் கவனித்தார். அதற்குள் இருந்த கை நடுங்கவில்லை.